கம்பத்துக்குக் கம்பம்: வட அயர்லாந்தில் ஆறு நாட்கள்

முதல் நாள் – ஜூலை 7, 2025 – பெல்ஃபாஸ்ட்

புதிய ஊருக்குள் பஸ் நுழையும்போது மலையையோ ஆற்றையோ தேடுவது என் வழக்கம். இன்று பார்த்ததெல்லாம் விளக்குக் கம்பங்களைத்தான். ஒரு தெருவில் கம்பத்துக்குக் கம்பம் பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக். வளைவு திரும்பியதும் ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு சிக்னல் தாண்டினால் ஐரிஷ் கொடியின் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு. நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்த பக்கத்து இருக்கைப் பெண்மணி, "ஜூலை அல்லவா, தெருக்கள் உடை மாற்றிக்கொள்ளும் மாதம்" என்றார்.

நாற்சந்திதோறும் கட்சிக் கொடிக்கம்பத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கொடி புதிதல்ல. ஆனால் நம் கம்பத்தின் அடியில் ஒரு கல்வெட்டு இருக்கும். ஏற்றியவர் பெயர் அதில் கொட்டை எழுத்தில் இருக்கும். இங்கே பெயரே கிடையாது. ஏணியோடு ஒரு வண்டி வந்து போகும்; பிறகு பார்த்தால் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிய கொடிகள் ஆடிக்கொண்டிருக்கும். கம்பம் அரசாங்கத்துடையது. அனுமதி யாரும் கேட்பதில்லை. கழற்றப் போகும் ஊழியருக்கு அடி விழும் என்ற பயத்தில் அரசாங்கமும் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

பெட்டியை ஓர்மோ சாலை விடுதியில் போட்டுவிட்டு நகர மண்டபத்துக்குப் போனேன். பச்சைக் குவிமாடம், வெளிறிய கல், புல்வெளியில் வெயில் காயும் இளைஞர்கள். உச்சியில் கொடிக்கம்பம் வெறுமையாக நின்றது. அந்த வெறுமையைப் பார்க்கத்தான் வந்தேன்.

1906இல் கட்டடம் திறந்ததிலிருந்து ஆண்டின் எல்லா நாளும் அங்கே பிரிட்டிஷ் கொடி பறந்தது. 2012 டிசம்பர் 3 அன்று மாநகர மன்றத்தில் வாக்கெடுப்பு. கொடியே வேண்டாம் என்பது, அயர்லாந்தோடு சேரவேண்டும் என்கிற, பெரும்பாலும் கத்தோலிக்கர்களின் ஐரிஷ் தேசியவாதக் கட்சிகளின் விருப்பம். என்றும் பறக்கவேண்டும் என்பது, பிரிட்டனோடே நீடிக்கவேண்டும் என்கிற, பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்களான ஐக்கியவாதிகளின் பிடிவாதம். இடையில் நின்ற அலையன்ஸ் கட்சி, அரச குடும்பத்தினரின் பிறந்தநாள் போன்ற குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஏற்றலாம் என்று ஒரு வழி சொன்னது. 29க்கு 21 என்று அது நிறைவேறியது. பிரிட்டனின் பிற பகுதிகளில் எத்தனையோ பொதுக் கட்டடங்கள் அப்போது அப்படித்தான் கொடியேற்றிக்கொண்டிருந்தன. கணக்குப் பார்த்தால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் அன்றிரவே ஒரு கூட்டம் மண்டபத்தின் பின்வாசலை முட்டித் திறக்கப் பார்த்தது. மாதக்கணக்கில் சாலை மறியல் நடந்தது.

அடி விழுந்தது இடையில் நின்றவர்களுக்குத்தான். வாக்கெடுப்புக்கு முன்பே இரண்டு பெரிய ஐக்கியவாதக் கட்சிகள் சேர்ந்து, அலையன்ஸைக் குற்றம்சாட்டும் 40,000 துண்டறிக்கைகளை அலையன்ஸின் மஞ்சள் நிறத்திலேயே அச்சடித்து வீடுவீடாகக் கொடுத்திருந்தன. பிறகு அக்கட்சியின் அலுவலகங்கள் தாக்கப்பட்டன. கிழக்கு பெல்ஃபாஸ்டின் அன்றைய எம்.பி. நவோமி லாங்குக்குக் கொலை மிரட்டல். அவருடைய அலுவலகத்துக்கு வெளியே காவலுக்கு நின்ற போலீஸ் காருக்குள் பெட்ரோல் குண்டு. 2015 தேர்தலில் அவர் தொகுதியையும் இழந்தார். இப்போது அவரே நீதித்துறை அமைச்சர் என்பது வேறு கதை.

புதிய விதிப்படி கொடி முதன்முதலில் ஏறிய நாள் 2013 ஜனவரி 9, கேட் மிடில்டனின் பிறந்தநாள். அத்தனை கலவரமும் கடைசியில் ஓர் இளவரசியின் பிறந்தநாளில் வந்து நின்றது.

புல்வெளியில் கேட்டுத் தெரிந்துகொண்டது: அன்றைய போராட்டக்காரர்கள் 'ஃபிளாக்' என்பதை 'ஃபிளெக்' என்று உச்சரித்தார்களாம். அதை வைத்தே அவர்களுக்கு 'ஃபிளெக்கர்' என்று பட்டப்பெயர். சொன்ன இளைஞர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உழைக்கும் மக்களின் நாக்கைக் கேலி செய்து ஓர் அரசியல் கோபத்தைத் தள்ளிவிடுவது நம் ஊர்களிலும் நடப்பதுதான்.

இரண்டாம் நாள் – ஜூலை 8 – ஃபால்ஸ், ஷாங்கில்

டாக்சி சுற்றுலாவுக்குப் போகாமல் நடந்தே போனேன். மையத்திலிருந்து கத்தோலிக்கப் பகுதியான ஃபால்ஸ் சாலைக்குப் போகும் வழியின் தொடக்கம் டிவிஸ் தெரு. 1964 தேர்தலின்போது இங்கே ஒரு குடியரசுவாத வேட்பாளரின் அலுவலக ஜன்னலில் ஐரிஷ் மூவண்ணக் கொடி இருந்தது. நீங்கள் எடுக்காவிட்டால் நானே ஊர்வலமாக வந்து எடுப்பேன் என்றார் தீவிர ஐக்கியவாதியான புராட்டஸ்டன்ட் பாதிரியார் இயன் பெய்ஸ்லி. போலீஸ் போய் எடுத்தது. கொடி மறுபடி வந்தது. போலீஸ் கண்ணாடியை உடைத்து மறுபடி எடுத்தது. தெரு பற்றியெரிந்தது. ஒரே ஒரு ஜன்னல், ஒரே ஒரு துணி.

போலீஸுக்கு அந்த அதிகாரம் 1954ஆம் ஆண்டின் கொடிகள், சின்னங்கள் சட்டத்திலிருந்து வந்தது. ஐரிஷ் கொடி தடை என்று அதில் ஓர் இடத்திலும் எழுதவில்லை. அமைதிக்குப் பங்கம் வரும் என்று தோன்றினால் எந்தச் சின்னத்தையும் அகற்றலாம். பிரிட்டிஷ் கொடியை மட்டும் தொட்டால் குற்றம். பெயர் சொல்லாமலே தடுப்பது எப்படி என்று சட்டம் எழுதுகிறவர்களுக்குப் பாடமே நடத்தலாம். 1987இல்தான் அதை நீக்கினார்கள்.

செவஸ்டபோல் தெரு முனையில் பாபி சாண்ட்ஸின் சிரித்த முகம் சுவர் அளவுக்கு இருக்கிறது. ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழுவின் ஆள்; 1981இல் சிறையில் 66 நாள் உண்ணாவிரதமிருந்து, எம்.பி.யாகவே இறந்தவர். அந்தப் பக்கத்தில் ஐரிஷ் கொடிக்கு இணையாகப் பாலஸ்தீனக் கொடி பறக்கிறது. பிறகு லேனார்க் வே வாசல் வழியாக, கத்தோலிக்கப் பகுதியையும் புராட்டஸ்டன்ட் பகுதியையும் பிரிக்கும் சுவரைக் கடந்தேன். இரவானால் மூடிவிடும் வாசல் அது. 1969இல் தற்காலிகமாகப் போட்ட வேலிகள் கனத்து, உயர்ந்து, பல ஆள் உயரச் சுவர்களாகிவிட்டன. 2023க்குள் எல்லாவற்றையும் அகற்றுவோம் என்று 2013இல் அரசாங்கம் அறிவித்தது. சுவரில் சுற்றுலாப் பயணிகள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம், ஷாங்கிலில், யூனியன் ஜாக்கோடு இஸ்ரேல் கொடி. எங்கோ நடக்கும் போரில் ஆளுக்கொரு பக்கத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 'அவர்கள் அதைப் பிடித்தால் நாம் இதைப் பிடிப்போம்' என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் புலப்படவில்லை.

ஷாங்கில் சாலையில் ஒரு பெரியவர் என் முதுகுப்பையைச் சுட்டினார். அதில் ஒட்டியிருந்தது நம் தேசியக் கொடி வில்லை. மறந்தே போயிருந்தேன். ஆரஞ்சு, வெள்ளை, பச்சை! நிறுத்திவைத்தால் ஐரிஷ் கொடியின் கண்ணாடிப் பிம்பம்.

"அது எந்த நாட்டுடையது?"

"இந்தியா" என்று பையைத் திருப்பிக் காட்டினேன். "நடுவில் சக்கரம் இருக்கிறது, பாருங்கள்."

குனிந்து, கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "சக்கரம் இருக்கிறதா, அப்படியானால் சரி" என்றார். பிறகு நகைத்து, கைகுலுக்கி, நல்ல தேநீர் எங்கே கிடைக்கும் என்றும் சொன்னார். அன்பான மனிதர். ஆனால் அந்தச் சக்கரம் இல்லாமலிருந்தால் என்ற கேள்வி தேநீர் முடியும்வரை கூடவே இருந்தது.

இவர்கள் வாயில் அடிக்கடி வரும் ஒரு சொல் 'தெமன்ஸ்'. அந்தப் பக்கத்து ஆட்கள் என்று பொருள். இரு பக்கமும் மற்றதை அப்படித்தான் சொல்கிறது. பெயர், படித்த பள்ளி, ஆங்கிலத்தின் எட்டாம் எழுத்தை 'ஏச்' என்கிறாரா 'ஹேச்' என்கிறாரா என்பதிலிருந்தே ஆளைக் கணித்துவிடுகிறார்கள். 'ஹேச்' என்றால் கத்தோலிக்கர். சாதியை நேராகக் கேட்காமல் "எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை" என்று வளைத்துக் கேட்கும் நம் கலையில் இவர்களும் சளைத்தவர்கள் அல்ல.

தேசியக் கொடிகளையாவது ஒரு வகையில் புரிந்துகொள்ளலாம். துணை ராணுவக் குழுக்களின் கொடிகள் வேறு ரகம். யுவிஎஃப் (அல்ஸ்டர் தன்னார்வப் படை) என்ற பிரிட்டிஷ் பக்கத்து ஆயுதக் குழு தடைசெய்யப்பட்ட அமைப்பு. ஆனால் 1912இல் அதே பெயரில் ஒரு தன்னார்வப் படை தொடங்கி, பிறகு அதன் ஆட்கள் பலர் முதல் உலகப் போரில் சோம் களத்தில் மடிந்தார்கள். கொடியில் '1912' என்று போட்டுவிட்டால் அது அஞ்சலியா மிரட்டலா என்று எப்படி நிரூபிப்பது? தெருவில் குடியிருப்பவனுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. 2017இல் கான்ட்ரெல் குளோஸ் என்ற குடியிருப்பில், இரு சமூகத்தவரும் கலந்து வாழவே கட்டிய இடத்தில், யுவிஎஃப் கொடிகள் ஏறின. சில மாதங்களில் நான்கு கத்தோலிக்கக் குடும்பங்கள் மிரட்டலுக்கு அஞ்சி வீட்டைக் காலி செய்தன.

மூன்றாம் நாள் – ஜூலை 9 – டெரி

ரயில் இரண்டு மணி நேரம். கடைசிப் பகுதியில் கடலை ஒட்டிப் போகிறது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும். நான் பாதிநேரம் கைபேசியில் ஓர் அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கொடிகள், அடையாளம், பண்பாடு, மரபு பற்றிய ஆணையம்: 2016இல் 15 பேரோடு அமைந்தது, 2021 டிசம்பரில் அறிக்கை வெளியானது, செலவு சுமார் 8 லட்சம் பவுண்ட். விளக்குக் கம்பக் கொடி என்ற அத்தியாயம் வந்ததும் உடன்பாடு எட்டவில்லை என்கிறார்கள். செயல்திட்டமும் இல்லை. 2013இல் அமெரிக்க ராஜதந்திரி ரிச்சர்ட் ஹாஸ் வந்து பேசியபோதும் பேச்சு ஆண்டின் கடைசி நாள்வரை இழுத்துத் தோற்றது. கொலைகாரர்களைச் சிறையிலிருந்து விடுவிப்பதற்கே 1998 சமாதான ஒப்பந்தத்தில் இணங்கிவந்தவர்கள், கம்பத்தில் கட்டும் துணிக்கு இணங்கவில்லை.

இந்த ஊருக்குப் பெயரே தகராறு. ஐரிஷ் பக்கத்தவருக்கு டெரி, பிரிட்டிஷ் பக்கத்தவருக்கு லண்டன்டெரி. சாலைப் பலகைகளில் 'லண்டன்' என்ற பகுதியை மட்டும் மைபூசி அழித்திருப்பதைப் பார்க்கலாம். கத்தோலிக்கப் பகுதியான பாக்சைடில் 1969இலிருந்து நிற்கும் சுவர் 'இப்போது சுதந்திர டெரிக்குள் நுழைகிறீர்கள்' என்கிறது. அதன் பக்கத்துத் தெருக்களில்தான் 1972 ஜனவரி 30 அன்று பிரிட்டிஷ் பாராசூட் படையினர் 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். காயமடைந்த இன்னொருவர் பின்னர் இறந்தார். அதே பாராசூட் படையின் கொடியை ஊருக்கு வெளியே சில கம்பங்களில் கட்டிவைக்கிறார்கள். இந்தப் பயணத்தில் எனக்குக் கசந்த முதல் கொடி அது. அதைக் கட்டியவருக்கு அந்தப் படைமீது எவ்வளவு பாசம் இருக்கும் என்று தெரியாது. அதைக் கடந்து வேலைக்குப் போகவேண்டியவர் யார் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

கோட்டை மதிலின் மறுபக்கத்தில், ஆற்றின் இந்தக் கரையில் எஞ்சியிருக்கும் சின்னஞ்சிறு புராட்டஸ்டன்ட் குடியிருப்பு ஃபவுன்டன். சாலையோரக் கற்கள் சிவப்பு, வெள்ளை, நீலமாகச் சாயம் பூசியிருக்கின்றன. மேற்குக் கரையில் பிரிட்டிஷ் முடியின் விசுவாசிகளான நாங்கள் இன்னும் முற்றுகையில் இருக்கிறோம், சரணடைய மாட்டோம் என்று சுவர் சொல்கிறது. கத்தோலிக்க மன்னரின் படை புராட்டஸ்டன்ட்களின் இந்த ஊரை முற்றுகையிட்டது 1689இல், 105 நாள். ஷாங்கிலில் கொடி அதிகாரம்போலத் தெரிந்தது. இங்கே, வேலிக்குள் சுருங்கிய சில தெருக்களில், அதே கொடி கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள்போல இருந்தது. வயதான ஓர் அம்மா வாசல்படியைக் கழுவிக்கொண்டிருந்தார். "கொடியை இறக்கினால் நாங்கள் போய்விட்டோம் என்று நினைத்துவிடுவார்கள்" என்றார். நேற்றுவரை நான் எழுதிய கிண்டல்களைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கவைத்த வாக்கியம்.

மாலையில் அமைதிப் பாலத்தில் நடந்தேன். 2011இல் கட்டியது. பாலத்தில் கொடி இல்லை. சைக்கிள்கள், குழந்தை வண்டிகள், ஐஸ்கிரீம்.

நான்காம் நாள் – ஜூலை 10 – அர்மா

ஆரஞ்சு என்ற நிறத்துக்காகவே இந்த ஊருக்கு வந்தேன்.

ஐரிஷ் மூவண்ணத்தை 1848இல் தாமஸ் பிரான்சிஸ் மேகர் பறக்கவிட்டபோது கணக்கு எளிது: பச்சை கத்தோலிக்கருக்கு, ஆரஞ்சு புராட்டஸ்டன்டுக்கு, நடுவில் வெள்ளை சமாதானத்துக்கு. இன்று அந்த ஆரஞ்சுக்கு உரியவர்களே அந்தக் கொடியைச் சொக்கப்பனையில் எரிக்கிறார்கள். பழத்துக்கும் இந்த ஆரஞ்சுக்கும் சம்பந்தமில்லை. 1690இல் பாய்ன் ஆற்றங்கரையில் கத்தோலிக்க மன்னரை வென்ற புராட்டஸ்டன்ட் மன்னர் மூன்றாம் வில்லியமின் குடிப்பெயர் அது. அவர் பெயரில் ஆரஞ்சு சங்கம் என்ற புராட்டஸ்டன்ட் அமைப்பு பிறந்தது 1795இல், இதே அர்மா மாவட்டத்தின் லாக்கால் கிராமத்துப் பக்கம். அங்கே ஓர் அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள்.

அதே அர்மா மாவட்டத்தின் கேலிக் கால்பந்து அணிக்கு என்ன நிறம்? ஆரஞ்சு, வெள்ளை! கேலிக் விளையாட்டு ஏறக்குறைய முழுக்கவும் கத்தோலிக்க, ஐரிஷ் தேசியவாத உலகம். கடந்த ஆண்டு ஜூலையில் அர்மா கால்வேயைத் தோற்கடித்து அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றது. இந்த ஆண்டு பதினொரு நாட்களுக்கு முன்புதான் காலிறுதியில் கெர்ரியிடம் தோற்றது. கொடிகளை இன்னும் இறக்கவில்லை. ஆக, ஒரு கிராமத்தில் ஆரஞ்சுத் துணி கட்டியிருந்தால் அது வில்லியமின் பக்தர் ஊர். சில மைல் தள்ளி அதே ஆரஞ்சு கட்டியிருந்தால் வில்லியமின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்களின் ஊர். உள்ளூர்க்காரர் தடுமாறுவதில்லை. நான் இரண்டு முறை ஏமாந்தேன்.

ஊரில் எதிரெதிர்க் குன்றுகளில் இரண்டு பேராலயங்கள். ஒன்று புராட்டஸ்டன்ட், ஒன்று கத்தோலிக்கம். இரண்டுக்கும் பெயர் புனித பேட்ரிக். கடைத்தெருவில் அணியின் சிறு கொடி ஒன்று வாங்கினேன். எழுத்தில்லாத, வெறும் ஆரஞ்சு–வெள்ளை. கடைக்காரர் அதைத் தாளில் சுற்றிக்கொடுத்தார். "பெல்ஃபாஸ்டில் நாளைக்கும் மறுநாளும் வெளியே எடுக்காதீர்கள். எடுத்தாலும் பாதிப் பேர் உங்களைத் தப்பாகப் பாராட்டுவார்கள்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஓர் எண்ணம். வட அயர்லாந்துக்கென்று இன்று அதிகாரபூர்வக் கொடியே கிடையாது. செங்கையும் கிரீடமும் கொண்ட அல்ஸ்டர் கொடி 1953 முதல் 1972 வரை அன்றைய அரசாங்கத்தின் கொடி. அரசாங்கம் கலைந்ததும் அதுவும் தகுதி இழந்தது. 2021 கணக்கெடுப்பில் 'நான் பிரிட்டிஷ் மட்டும்' என்றவர்கள் 31.9 சதவீதம், 'ஐரிஷ் மட்டும்' 29.1, 'வட அயர்லாந்துக்காரர் மட்டும்' 19.8. ஐந்தில் ஒருவருக்குக் கம்பத்தில் கட்ட ஒன்றுமே இல்லை. அவர்கள் தெருக்களைத்தான் முதல் நாள் பஸ்ஸில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேனோ?

ஐந்தாம் நாள் – ஜூலை 11 – சொக்கப்பனை இரவு

வில்லியமின் பாய்ன் வெற்றியை ஜூலை 12 அன்று ஊர்வலமாகக் கொண்டாடுகிறார்கள்; அதற்கு முந்தைய இரவு சொக்கப்பனை. காலையிலேயே விடுதிப் பெண்மணி தன் கைபேசியை நீட்டினார். நேற்றிரவு மொய்கஷெல் கிராமத்தில் கொளுத்திய சொக்கப்பனையின் உச்சியில் ஒரு படகு. படகில் உயிர்காப்பு அங்கி அணிந்த கறுப்பு பொம்மைகள். படகில் வரும் அகதிகளை எரித்திருக்கிறார்கள். அவர் மன்னிப்புக் கேட்கும் குரலில், "நாங்கள் எல்லோரும் இப்படி இல்லை" என்றார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது.

நகரத்திலேயே இன்னொரு தகராறு. மெரிடி தெருவில் ஒரு மின்நிலையத்துக்கு அருகில், ஆஸ்பெஸ்டாஸ் கிடக்கும் நிலத்தில் சொக்கப்பனை அடுக்கியிருக்கிறார்கள். மருத்துவமனைகளுக்கு மின்சாரம் போகும் நிலையம். அகற்றச் சொல்லி மாநகர மன்றக் குழு முடிவெடுத்தது. அகற்றப் போனால் கலவரம் வரும், அது பெரிய ஆபத்து என்று போலீஸ் ஒதுங்கிக்கொண்டது. விளக்குக் கம்பத்தின் கதைதான், தீயோடு.

இதுவரை நான் எழுதியது இரண்டு கொடிகளின் சண்டை. ஓரமாக நின்று பார்க்கும் வசதி எனக்கு இருந்தது. இன்று அது போயிற்று. 2024 ஆகஸ்ட் 3 அன்று பெல்ஃபாஸ்டில் குடியேறிகளுக்கு எதிரான ஊர்வலத்தில் யூனியன் ஜாக்கும் ஐரிஷ் மூவண்ணமும் அக்கம்பக்கமாக ஆடின. டப்ளினிலிருந்து வந்தவர்கள் ஒன்றைப் பிடித்தார்கள், உள்ளூர் விசுவாசிகள் மற்றதை. நூறாண்டாக எந்த ஆணையமும் செய்ய முடியாததை என்னைப் போன்ற தோல் நிறத்தவர்கள்மீதான வெறுப்பு ஒரு மதியத்தில் செய்துவிட்டது. அன்று குடியேறிகளின் கடைகள் எரிந்தன. போன மாதம் பாலிமீனாவில் வெளிநாட்டவர் வீடுகளைத் தாக்கியபோது, சிலர் தங்கள் கதவில் 'இங்கே பிலிப்பைன்ஸ்காரர் வசிக்கிறார்' என்று எழுதி ஒட்டினார்கள். சிலர் ஜன்னலில் யூனியன் ஜாக்கை மாட்டினார்கள். கண்ணேறு படாமலிருக்க வாசலில் பூசணிக்காய் கட்டுவதுபோல.

பையிலிருந்த நம் கொடி வில்லையைப் பிய்க்கலாமா என்று யோசித்தேன். பிய்க்கவில்லை. துணிச்சல் ஒன்றுமில்லை, பசை விடவில்லை.

இரவில் விடுதியின் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். வானம் ஆங்காங்கே சிவந்தது. ஏதோ ஒரு குவியலின் உச்சியில் பச்சையும் ஆரஞ்சும் ஒரு கணம் ஒளிர்ந்து சுருண்டன. பிளாஸ்டிக் எரிந்த வாடை நள்ளிரவுக்குப் பிறகும் அடித்தது.

ஆறாம் நாள் – ஜூலை 12 – பெல்ஃபாஸ்ட்

நல்ல வெயில். நகர மண்டபத்துக்கு எதிரே மக்கள் மடக்கு நாற்காலி, சாப்பாட்டுக் கூடை சகிதம் அமர்ந்திருந்தார்கள். நேற்றிரவின் நகரம் இதுதானா என்று சந்தேகம் வருமளவுக்குத் திருவிழாக் களை. புல்லாங்குழல் குழுக்கள், ஆள் உயர முரசு, கழுத்தில் ஆரஞ்சுப் பட்டை போட்ட தாத்தாக்கள். ஒரு சிறுவன் தடியைச் சுழற்றி மேலே எறிந்து, பிடிக்கத் தவறி, அழாமல் எடுத்துக்கொண்டு ஓடினான், கூட்டம் கைதட்டியது. நானும்தான்.

பக்கத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி நான் நிற்பதைப் பார்த்துத் தன் பேரனின் நாற்காலியைக் கொடுத்தார். சாண்ட்விச் கொடுத்தார். எத்தனை நாளாக இங்கே, ஊர் பிடித்திருக்கிறதா, வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். அடுத்த குழு நெருங்கியதும் கூடையிலிருந்து சின்ன யூனியன் ஜாக் ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார். அவருக்கு அது சாண்ட்விச்சின் தொடர்ச்சி, உபசாரம். வாங்கிக்கொண்டேன். அசைக்கவில்லை. கீழே வைக்கவும் இடமில்லை. தரையில் வைத்தால் அவமதிப்பாகிவிடும். மடியில் பிடித்தபடி கடைசிக் குழு போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

விடுதிக்குத் திரும்பும் குறுக்குவழி மார்க்கெட்ஸ் பகுதிக்குள்ளே போகிறது. அங்கே கம்பங்களில் வேறு நிறம். முனைக்கு வருவதற்குள் அந்தக் கொடியைக் குச்சியோடு சுருட்டி, பைக்குள் அர்மாவின் தாள் பொட்டலத்துக்குப் பக்கத்தில் செருகி ஜிப்பை இழுத்தேன். குச்சியின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.